ஹங்கி டோரி

அப்பாவின் மேலதிகாரி வயதான வெள்ளைக்காரர். வீட்டில் நாங்கள் அவரைத் துரை என்போம். துபாயில் கோபுரம் கோபுரமாகக் கட்டிய கம்பெனியில் அப்பா டிராஃப்ட்ஸ்மேன். துரையிடமிருந்து எங்கள் ஷார்ஜா வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரே சொத்து 'ஹங்கி டோரி' என்ற சொல். ஒரு குறையுமில்லை, எல்லாம் பிரமாதம் என்று அர்த்தம். அவர் ஊரிலேயே தாத்தாக்கள்தான் அப்படிப் பேசுவார்களாம். அப்பாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஏசி ஒழுகுவது நின்றால் ஹங்கி டோரி, அம்மா வைத்த ரசம் ஹங்கி டோரி, கணக்கில் நான் தப்பிப் பிழைத்தால் அதுவும் ஹங்கி டோரி.

இரண்டாயிரத்து ஒன்பதில் கிரேன்கள் அப்படி அப்படியே நின்றுபோயின. அங்கே வெள்ளி, சனிதான் விடுமுறை; ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்குப் போன அப்பா போன வேகத்தில் திரும்பினார். அம்மாவும் அவரும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பிறகு என்னிடம், நீயும் அம்மாவும் லீவுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றார்கள். பரீட்சை நேரத்தில் என்ன லீவு என்று நான் கேட்கவில்லை. பரீட்சை ஒழிந்ததே, அது போதாதா!

லீவுப் பெட்டி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பால்பவுடர், சோப்பு, தைலம், சித்திகளுக்குச் சேலை, எல்லாம் புதுசாக இருக்கும். இந்தத் தடவை அட்டைப்பெட்டிக்குள் போனவை எங்கள் குக்கர், மிக்ஸி, எண்ணெய்ப் பிசுக்குப் போகாத சாமி விளக்கு.

"என் சைக்கிள்?"

"பால்கனியிலயே இருக்கட்டும் கண்ணு. நீ வந்து ஓட்ட வேணாமா?"

"நீங்க வரலையாப்பா?"

"எனக்கு டியூட்டி இருக்குல்ல. எல்லாம் ஹங்கி டோரி!"

டேப் ஒட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க" என்றாள். எனக்கு அவள் மேல் கோபமாக வந்தது. அப்பாவின் கட்சியில் சேர்ந்துகொண்டு, வீடு முழுக்க 'ஹங்கி டோரி' என்று கத்தியபடி ஓடினேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பல வருடங்கள் கழித்துத்தான் அம்மா சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கு முந்தைய வியாழக்கிழமை, வேலை நிலைக்குமா என்று அப்பா துரையிடமே கேட்டிருக்கிறார். துரை தோளில் தட்டி, அதே சொல்லைச் சொல்லிவிட்டு, அன்றைக்கே குடும்பத்தோடு விமானம் ஏறியிருக்கிறார். ஞாயிறன்று ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. எங்கள் விசாவும் அதோடு போயிற்று. என்னை அனுப்பிவைக்க அப்பாவிடம் மிச்சமிருந்தது அந்தச் சொல் மட்டும்தான்.

இது எதுவும் தெரியாமல் நான், டாக்ஸி தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் தலையை நீட்டி, சைக்கிளுக்குக் காற்றடித்து வைக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.