வந்த தூரம்

சான் ரமோனிலிருந்து மான்டெரே கடற்கரைக்கு இரண்டு மணி நேரம். கடலுக்கடியில் டைவிங் போகும் ஞாயிறுகளில் விடியும் முன்பே கிளம்பிவிடுவோம். அங்கே தண்ணீரின் குளிரும் கலங்கலும் பழகிவிடும். கரையில் உடைகிற அலை மட்டும் பழகாது. அதனால் இறங்குவதற்கு முன் என் மனைவி கால் மணி நேரமாவது பாறையில் உட்கார்ந்து அலையைப் பார்ப்பாள்.

அன்று பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேண்டாங்க," என்றாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "இவ்ளோ தூரம் டிரைவ் பண்ணி வந்துட்டு, கால்கூட நனைக்காம போறதா?" என்று சொல்லி, சிலிண்டரை மாட்டிக்கொண்டு நான் மட்டும் இறங்கினேன்.

இடுப்பளவு ஆழத்தைக்கூட எட்டவில்லை. முதல் அலை என்னைச் சாய்த்தது. அடுத்தது காலில் மாட்டக் கையில் வைத்திருந்த நீச்சல் துடுப்பு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனது. மூன்றாவது என் மேலேயே உடைந்தது. முதுகில் சிலிண்டரோடு தவழ்ந்து வந்தவனை அவள்தான் தோள்பட்டியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள்.

காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கட்டி வந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம். ஃப்ரீவே ஏறிய பிறகுதான் அவள் சொன்னாள்:

"டெக்சாஸ்ல இருந்து ரெண்டு நாள் டிரைவ் பண்ணி வந்திருந்தா, அலை கொஞ்சம் யோசிச்சிருக்கும்."