மேரி டீச்சரின் இத்தாலிப் பயணம்

இன்று பண்டாரவளை பஸ்ஸில் நடந்ததை ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

1. ஓய்வுபெற்ற மேரி டீச்சர் அடுத்த மாதம் தனியாக இத்தாலிக்குப் போகிறார்.
2. அதைத் தடுக்கும்படி அவருடைய அண்ணன், அவரோடு படிப்பித்த என்னிடம் கேட்டிருந்தார்.
3. பேச ஆளில்லாமல் அங்கே அவர் வாடிப்போவார் என்பது என் கருத்து.

டீச்சரின் பக்கத்தில் இடம் கிடைத்தது. தயங்கித் தயங்கித் தொடங்கினேன்.

"ஒரு மாசம் ஊர் ஊராப் போறியள், துணைக்கு ஒருத்தரும் இல்லையோ?"

அவர் வாய் திறப்பதற்குள் கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தார். "பண்டாரவளைக்குத் தனியாவா போறீங்க டீச்சர்?"

முன் இருக்கை அம்மாவும் திரும்பினார். "வீட்டுல யாரும் வரலீங்களா?"

டீச்சர் சிரித்துவிட்டார்.

"பாத்தீங்களா சேர்? பண்டாரவளைக்குப் போறதுக்கே இத்தன பேருக்குப் பதில் சொல்லணும். அங்க ஏதாவது ஒரு சின்ன ஊர்ல, மாதா கோயில் வாசல்ல காப்பி வாங்கிக்கிட்டு, பொழுது சாயிற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும். அப்படி ஒரு நாள் எனக்கு இருந்ததே இல்லங்க."



வீட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். "அவ போகட்டும், விடுங்கோ."

"நீங்களுமா சேர்?" என்று அண்ணன் போனை வைத்துவிட்டார்.

மூன்றாவதாக எழுதியது பிழை. விமானம் பிடிக்க ரயிலேறும் அன்று டீச்சரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போக ஆசைதான். போனால் அதுவும் துணை என்றாகிவிடுமோ? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.