வாய் கட்டிச் சுட்ட கேக்

அப்பா வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கேக் சுட்டார். எங்கள் பக்கத்தில் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் அப்படித்தான் கட்டிக்கொள்வார்கள். படையல் சோற்றில் மூச்சுக்காற்றுகூடப் படக்கூடாது. ருசி பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கேக்குக்கும் அதுவே விதி என்று அம்மா முடிவு செய்திருந்தாள். வேலை கொடுக்கப்போகிறவர் வாயில் அது முதலில் போக வேண்டும், அதற்கு முன்னால் பெரியவர்கள் யாரும் தொட்டு நாக்கில் வைக்கக்கூடாது என்றாள். அப்பா சிரித்தார், ஆனாலும் கட்டிக்கொண்டார். அவருக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்க வேண்டும்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. எழுபதுகளின் பிற்பகுதி. மரக்காணத்தில் ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை இருக்காது. பாத்திகள் எல்லாம் ஒரே தண்ணீராகிவிடும். மேட்டில் குவித்த உப்பைப் பனையோலை போட்டு மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்த மாதங்களில் அப்பா குயிலாப்பாளையத்துப் பக்கம் போய், புதிதாகக் குடியேறியிருந்த வெளிநாட்டுக்காரர்களிடம் வேலை செய்வார். முதலில் கீற்றுக் கொட்டகை போட்டார். பிறகு ஓர் அமெரிக்க அம்மாளின் வீட்டில் சமையல்கட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த அம்மாள் அவருக்கு ரொட்டி சுடவும், அடுக்கு கேக் செய்யவும் கற்றுக்கொடுத்தார். ஊருக்குத் திரும்பிப் போகும்போது, மீதமிருந்த கோக்கோ தூளையும் பெக்கான் என்கிற அவர்கள் ஊர்க் கொட்டைகளையும் ஒரு டப்பாவில் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். டப்பாவில் நாற்பத்தொரு கொட்டைகள் இருந்தன. எண்ணியது நான்தான். ஒவ்வொன்றும் புழு சுருண்டு கிடப்பதுபோல் வரிவரியாக இருந்தது.

கேக் எதற்கு என்று சொல்லவேண்டும். கோட்டக்குப்பத்தைச் சேர்ந்த பாய் ஒருவர் வளைகுடாவில், அமெரிக்கர்கள் தங்கியிருந்த எண்ணெய்க் கம்பெனி முகாமில், சாப்பாட்டுக்கூடத்தைக் கவனித்து வந்தார். விடுமுறைக்கு வந்திருந்தார். கேக், ரொட்டி செய்யத் தெரிந்த ஓர் ஆள் அவருக்கு வேண்டும் என்று அப்பாவுக்குத் தகவல் வந்தது. அப்பா போய்ப் பார்த்தார். பேச்செல்லாம் வேண்டாம், ஒன்று செய்து கொண்டுவா, சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவர் சொல்லி அனுப்பினார். வியாழக்கிழமைக்குள் கொண்டுவர வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் பம்பாய்க்கு ரயிலேறுகிறார்.

எங்கள் வீட்டில் இது ஆசைப்பட்டுக் கேட்ட வேலை இல்லை. அப்பாவின் கண்கள் கெட்டுக்கொண்டிருந்தன. பதினைந்து வயதிலிருந்து வெயிலில் உப்பைப் பார்த்த கண்கள். பாண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர், இனி உப்பளத்துக்குப் போகாதே, போனால் கொஞ்ச வருஷத்தில் பார்வை போய்விடும் என்று தெளிவாகவே சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தெரிந்த வேலைகள் இரண்டு. ஒன்று உப்பு வாருவது, மற்றது அந்த அம்மாள் கற்றுக்கொடுத்தது.

செய்முறையை அந்த அம்மாள் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதியிருந்தாலும் அப்பாவால் இங்கிலீஷ் படிக்க முடியாது. மனப்பாடமாக வைத்திருந்ததை அவர் சொல்லச் சொல்ல நான் என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எண் போட்டு எழுதினேன். ஒன்று, அடுப்பு முதலில் காய வேண்டும். இரண்டு, முட்டையில் வெள்ளை வேறு, மஞ்சள் வேறு. மூன்று, வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும்வரை தேய்க்க வேண்டும். இப்படிப் பத்தொன்பது வரை போயிற்று. அப்போதே எனக்கு எதையும் வரிசையாக வைத்தால்தான் மனது அடங்கும். வெண்ணெய் கிடைக்கவில்லை, வனஸ்பதி வாங்கினோம். டின் பால் கிடைக்கவில்லை, பசும்பாலை நாலில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சினோம். தேங்காய்க்கு மட்டும் குறைவில்லை.

அடுப்பும் இல்லை. பெரிய அண்டாவின் அடியில் மணலைக் கொட்டி, அதன்மேல் கேக் தட்டை வைத்து, மூடி, மூடியின்மேல் தணல் போட்டுச் சுடலாம் என்பது அப்பாவின் யோசனை. ஆனால் புதன்கிழமையோடு மூன்று நாள் விடாத மழை. கடற்கரை மணல், தெருமணல், எங்கே கை வைத்தாலும் சேறு. மணலை வறுத்துக் காயவைக்கலாம் என்றால் விறகும் பாதிக்கு மேல் நனைந்திருந்தது. அப்பா வாசலில் நின்று மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாதான் சொன்னாள், உப்பு இருக்கிறதே என்று. ஓலைக்கு அடியில் குவியலின் உள்பக்கத்து உப்பு பொடபொடவென்று காய்ந்திருக்கும். அதுவும் மணல் மாதிரிதானே, சூடு தாங்காதா? சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு மழையில் மேட்டுக்குப் போய், கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, ஒரு கூடை கல்லுப்பை நனையாமல் கொண்டுவந்து சேர்த்தாள். அப்பா ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார்.

“மூளைக்காரிதான் நீ. அந்த வெள்ளக்காரம்மா பாத்திருந்தா உன்னைத்தான் வேலைக்கு வச்சிருக்கும்.”

“வச்சா போவேன்,” என்றாள் அம்மா. “நீ இங்க கஞ்சி காச்சினு கெட.”

அந்த வருஷம் வீட்டில் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான் என்று எனக்கு ஞாபகம்.

நான் நோட்டைப் பார்த்து முதல் வரியைப் படித்தேன்: அடுப்பு முதலில் காய வேண்டும். இருக்கிற விறகுக்கு அதெல்லாம் கட்டாது, தட்டை உள்ளே வைத்தே காயவைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. தட்டு ஒன்றுதான் இருந்ததால் மூன்று அடுக்கையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மாவைத் தனியாகக் கலந்தார். முதல் தட்டு உள்ளே போனது. மூடினோம். சற்று நேரத்தில் அண்டாவுக்குள் படபடவென்று சத்தம். சோளம் பொரிவதுபோல, மூடியில் யாரோ உள்ளிருந்து சுண்டுவதுபோல. நான் பயந்தேன். உப்பு வெடிக்கிறது, அடங்கிவிடும் என்றார் அப்பா. அடங்கியும் விட்டது. அடுத்த இரண்டு தட்டுகளுக்கும் சத்தமே இல்லை.

இன்று ஒரு சோதனைக்கூடத்தில் உப்பை எடைபோட்டுச் சூடேற்றி ஈரம் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. கல்லுப்பின் ஒவ்வொரு பரலுக்குள்ளும் கடல்நீர் துளியாக மாட்டிக்கொண்டிருக்கும். வெளியே எவ்வளவு காய்ந்தாலும் அந்தத் துளி உள்ளேயே இருக்கும். சூடேறினால் அது ஆவியாகிப் பரலை உடைத்துக்கொண்டு தெறிக்கும். எவ்வளவு சூட்டில் என்றுகூட என்னால் சொல்ல முடியும். அன்றைக்கு அந்த வீட்டில் இது யாருக்கும் தெரியாது. வாழ்நாளெல்லாம் உப்பிலேயே நின்ற இரண்டு பேர், அதை அடுப்பில் வைத்துப் பார்த்ததில்லை. தெறித்த தூள் ஈரமாவில் விழுந்து, விழுந்த இடம் தெரியாமல் கரைந்துவிட்டது.

மூன்று அடுக்கும் ஆறிய பிறகு, ஒன்றன்மேல் ஒன்று சமமாக உட்காருவதற்காக ஒவ்வொன்றின் மேல்புடைப்பையும் அப்பா சீவி எடுத்தார். அந்தச் சீவல் மூன்றையும் எனக்குக் கொடுத்தார். குழந்தைக்கு எச்சில் தோஷம் இல்லை என்று அம்மாவும் விட்டுவிட்டாள். அதற்குமுன் நான் கேக்கைத் தின்றதே இல்லை. முதல் சீவல் கரித்தது. இரண்டாவது இனிப்பு. மூன்றாவதும் இனிப்பு. மூன்று அடுக்கு என்றால் எல்லாம் ஒரே ருசியாக எதற்கு இருக்க வேண்டும்? ஒன்று உப்பு, இரண்டு இனிப்பு, நடுவில் தேங்காய். வெள்ளைக்காரர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

அப்பா துண்டுக்குள்ளிருந்து கேட்டார்: “எப்டி இருக்குது?”

“நல்லா இருக்குதுப்பா.”

முதலில் சுட்டதை அடியில் வைத்தார். சுண்டிய பாலும் மஞ்சள் கருவும் சர்க்கரையும் கிண்டிய கலவையில் தேங்காய்த் துருவலையும் நறுக்கிய பெக்கானையும் சேர்த்து, அடுக்குகளுக்கு நடுவிலும் தலையிலும் பூசினார். தட்டோடு மூங்கில் கூடையில் இறக்கி, வேறொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டினோம்.

வியாழக்கிழமை பாண்டி பஸ்ஸில் கூடை என் மடியில் இருந்தது. அப்பாவுக்குத் தூறலில் கண் சரியாகத் தெரியாது என்பதால் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கண்டக்டர் கூடையைத் தட்டிப் பார்த்து, உள்ளே சேவலா, பாம்பா என்று கேட்டார். கேக்கு என்றேன். “அப்போ கண்டக்டருக்குப் பங்கு உண்டு, பாப்பா,” என்றார். திரும்பி வரும்போது தருகிறோம் என்று அப்பா சொன்னார். கீழ்ப்புத்துப்பட்டு தாண்டும்வரை அப்பா பேசிக்கொண்டே வந்தார். அங்கே போய் ஒரு வருஷத்தில் கண்ணுக்கு ஆபரேஷன், இரண்டாம் வருஷம் வீட்டுக்கு ஓடு.

பாய் வீட்டு முன்னறையில் எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்ட, நிதானமான மனிதர். கூடையைத் திறந்ததும் முகம் மலர்ந்தது. “இது அசல் அமெரிக்காக்காரன் கேக்காச்சேப்பா,” என்றார். கத்தி வரவழைத்து ஒரு துண்டு வெட்டினார். மேலிருந்து ஒரு வாய் எடுத்தார், தலையாட்டினார். இன்னொரு வாய், மறுபடியும் தலையாட்டினார். நான் மனதில் இரண்டு என்று எண்ணினேன். மூன்றாவது வாய் அடி அடுக்கு. மெல்வது நின்றது. தண்ணீர் சொம்பை எடுத்து மெதுவாகக் குடித்தார்.

“நீ ருசி பாத்தியாப்பா?”

“இல்லீங்க.”

“ஏன்?”

அம்மனையும் துண்டையும் அந்த அறையில் எப்படிச் சொல்வது? பாய் இன்னொரு துண்டு வெட்டி அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாங்கிச் சாப்பிட்டார். அடி அடுக்கோடு, ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல், முகம் மாறாமல். பசியில் சாப்பிடுகிறார், பிடித்துத்தான் சாப்பிடுகிறார் என்று நினைத்து நான் பாயைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தேன்.

“உப்பு தவறி விழறது யாருக்கும் நடக்கும்,” என்றார் பாய். “உன் கை நல்ல கை. ஆனா வாயில வைக்காமலே எடுத்துட்டு வந்தே பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. எங்கிட்ட எரநூறு பேரு சாப்புடறாங்கப்பா.”

அப்பா எழுந்து கும்பிட்டார். ஏதாவது வழி இருந்தால் என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் கூடையைக் கட்டத் தொடங்கினார். முடிச்சு விழவில்லை. பாய்தான் குனிந்து கட்டிக்கொடுத்தார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில், சாலையோர வாய்க்காலில் அப்பா கேக்கைக் கவிழ்த்தார். நாற்பத்தொரு கொட்டையும் போயிற்று. இரண்டு அடுக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் அழுதேன். அப்போது ஒன்று கேட்டார்.

“சீவுனத தின்னியே, கரிக்கலியா?”

“ஒண்ணு மட்டும் கரிச்சிச்சு. அது அப்டித்தான்னு நெனச்சேன்.”

“மொத தட்டுதான். உப்பு வெடிச்சப்ப மாவுல தெறிச்சிருக்கும். சரி,” என்றார். திரும்பும் பஸ்ஸில் நல்லவேளையாக அதே கண்டக்டர் இல்லை.

அம்மா முகம் கழுவி, தலை வாரி, வாசலில் நின்றிருந்தாள். மழை விட்டிருந்தது. நாங்கள் நெருங்கும்வரை பொறுக்காமல் எதிரே நடந்து வந்தாள். அப்பா அவளைப் பார்க்காமல் சொன்னார்: “ஆளு கெடச்சிட்டானாம். நேத்தே எடுத்துட்டாங்களாம்.”

கேக்கையாவது சாப்பிட்டார்களா என்று கேட்டாள் அம்மா. சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், முழுசையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன் என்றார் அப்பா. நம்ம நேரம் என்று அம்மா பெருமூச்சு விட்டாள். ஆனால் அந்தப் பெருமூச்சு ஆளை விழத்தட்டும் பெருமூச்சு இல்லை. கால் அலம்பத் தண்ணீர் கொடுக்கத் திரும்பினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா சொன்னதில் மூன்று பொய் இருந்தது.

“இல்லம்மா. கேக்கு கரிச்சிச்சு. நீ எடுத்தாந்த உப்பு வெடிச்சி மாவுல வுழுந்துடுச்சி. ருசி பாக்காம ஏன் எடுத்துனு வந்தேன்னு பாய் கேட்டாரு, அதனாலதான் வேலை இல்லன்னுட்டாரு.”

அப்பா என்னை அடித்தார். முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை. தை பிறந்து வெயில் வந்ததும் உப்பளத்துக்கே திரும்பிப் போய், நான் எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் பார்வை மங்கி, கையைப் பிடித்துக் கூட்டிப்போகும்படி ஆன பிறகும் ஒரு தடவைகூட இல்லை. அம்மா தடுக்கவில்லை. சொம்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பொய் சொல்லாத எனக்கு அடி, பொய் சொன்னவருக்கு ஒன்றுமில்லை. நான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் போய் நின்றேன். நான் சொன்னது அவளுக்குச் சரியாக விளங்கவில்லை போலிருக்கிறது என்று தோன்றியது. அதனால் விரல் விட்டு எண்ணிக்கொண்டு, வரிசை தப்பாமல், மழையில் அவள் உப்பு கொண்டுவந்ததிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னேன்.