மாமாவின் மோட்டாருக்கு வந்த சோதனை

என் தகப்பனார் தம்முடைய சொந்த மைத்துனரின் மோட்டாரைப் பற்றி ‘வீதியில் ஓடத் தகுதியற்றது’ என்று எழுதிக் கையொப்பமிட்ட அன்று எனக்கு ஒன்பது வயது. அவர் எழுதும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். பேனா சற்றும் தயங்கவில்லை. அந்தத் தயங்காத பேனாவுக்காகவே நான் அவரை வெகுகாலம் மன்னிக்காமல் இருந்தேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. உத்தியோகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து, கட்டுகலைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். என் ஐயாவுக்கு மோட்டார்களைப் பரிசோதிக்கும் வேலை. வாடகைக்கு ஓடுகிற கார், பஸ், லொறி எதுவானாலும் ஆண்டுக்கொரு தடவை அவர் முன்னால் வந்து நின்றே ஆக வேண்டும். ஐயா தம் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாலாக மடித்து வைத்துவிட்டு, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவார். பரிசோதனை நெருங்கும் நாட்களில் எங்கள் வீட்டு வாசலுக்கு வாழைக்குலைகள் வரும். கொண்டுவந்தவர் தோளிலேயே அவை திரும்பியும் போகும். நானும் அம்மாவும் ஜன்னலில் நின்று அந்தக் குலைகளை வழியனுப்பி வைப்போம்.

அம்மாவுக்கு ஒரே தம்பி. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, பன்னிரண்டு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்தார். ஐயா அவருக்குக் கண்டியில் ஒரு கடையில் எழுத்து வேலை பிடித்துக் கொடுத்தார். மாமா மூன்று ஆண்டு எழுதினார். பிறகு ஒருநாள், இனி எழுதமாட்டேன் என்று வந்துவிட்டார். தேயிலை விலை விழுந்து, தோட்டத்துத் துரைமார் பலர் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். வத்தேகமப் பக்கத்தில் ஒரு துரை தம் பெரிய மோட்டாரை விற்கிறார் என்று மாமாவுக்குக் காற்றுவாக்கில் தெரிந்தது. ஊரில் தம் பங்குக்கு வந்த காணியை விற்றார். அந்த மோட்டாரை வாங்கினார்.

அதைப் போல ஒரு வண்டியை நான் அதற்கு முன் கிட்டத்தில் பார்த்ததில்லை. சீமையில் செய்தது. கரும்பச்சை நிறம். எங்கள் வீட்டு முன்னறை அளவுக்கு நீளம். முன் விளக்குகள் இரண்டும் பூசைக்கு விளக்கிய செம்புகள் போல மினுங்கும். பின் ஆசனத்தில் உட்கார்ந்தால் தோல் மெத்தை மெல்லப் பெருமூச்சு விட்டுக்கொண்டே தாழும். கதவோரம் பித்தளை வாய் வைத்த குழாய் ஒன்று. துரைசானி அதில் பேசினால் முன்னால் சாரதியின் காதருகே கேட்குமாம். நான் அதில் வாயை வைத்து, “மாமா, வலப்பக்கம் திருப்புங்கோ” என்பேன். “உத்தரவு அம்மணி” என்று மாமா இடப்பக்கம் திருப்புவார்.

கலியாண வீடுகளுக்கும், ரயிலால் வந்து புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகாவ பார்க்கப் போகும் பெரிய மனிதர்களுக்கும் அதை வாடகைக்கு விடுவது மாமாவின் எண்ணம். கம்பளையில் ஒரு வியாபாரி தம் மகளின் கலியாணத்துக்கு அதைத்தான் வேண்டுமென்று சொல்லியும் வைத்திருந்தார். வாடகைக்கு விட வேண்டுமானால் சான்று வேண்டும். சான்று கொடுக்க வேண்டியவர் ஐயா. வண்டி மைத்துனருடையது, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று ஐயா கொழும்புக்கு எழுதினார். ஆளில்லை, நீரே பாரும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வாசித்து வீட்டில் சந்தோஷப்பட்டவர் மாமா ஒருவர்தான்.

சோதனை முடியும்வரை தான் அந்த வண்டியில் ஏறுவதில்லை என்று ஐயா சொல்லிவிட்டார். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் மட்டும் மாமாவோடு வத்தேகமவுக்குப் போனோம். அம்மாவின் சிநேகிதி ஒருத்தி அங்கே ஆசிரியையாக இருந்தாள். போகும்போது அம்மா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, ராணி மாதிரி இருக்கிறதென்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். சந்தியில் நின்றவர்கள், துரைதான் வருகிறார் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள்.

திரும்பி வரும்போது ஒரு நீண்ட இறக்கம். வளைவுக்கு மேல் வளைவாகப் போய்க்கொண்டே இருக்கும். பாதி வழியில் ஏதோ கருகும் மணம் வந்தது. அடுத்த வளைவைத் திரும்பியதும் முன்னால் ஒரு மாட்டுவண்டி. மாமா பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. இன்னொரு தடவை மிதித்தார். கைப்பிரேக்கையும் இழுத்தார். வண்டி, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாதது போல, அதே பெருமையோடு போய்க்கொண்டிருந்தது. மாமா மலைப்பக்கமாக ஒடித்தார். வாய்க்காலுக்குள் சக்கரம் இறங்கி, மண்மேட்டை உரசி, மாட்டுவண்டியின் பின்பலகைக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றோம். வண்டிக்காரர் எழும்பி மாமாவின் பரம்பரையைச் சிங்களத்தில் விசாரித்தார்.

“பயந்திட்டியளோ?” என்று மாமா திரும்பிக் கேட்டார். அவருடைய உதடுகள் வெளுத்திருந்தன. “இது ஒண்டுமில்லையக்கா. பிரேக் லைனிங் பழசு. புதுசு போட்டால் சரி.”

அம்மா சிரித்தாள். எங்கள் மூவரில் அதிகமாகச் சிரித்தது அவள்தான். எங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது மாமா என்னைப் பார்த்து, “ஐயாவிட்டை மூச்சும் விடாதை” என்றார். நான் விடவில்லை. அந்த வாரம் முழுவதும் ஐயா என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு திரிந்தேன். பல் கொதிக்கிறதோ என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

மாமா ஒரு கராஜில் புது லைனிங் போட்டார். சோதனை நாள் வந்தது. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் ராசிக்கென்று மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அம்மா தலையிடி என்று படுத்திருந்தாள்.

ஐயா எல்லாவற்றையும் பார்த்தார். விளக்கு எரிந்தது. ஹோர்ன் அடித்தது. கையால் திருப்பும் சுக்கானில் ஆட்டமில்லை. வண்டிக்கு அடியில் அரைமணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து வந்தார். பிறகு, வழக்கமாக பிரேக் பார்க்கும் இறக்கத்துக்குப் போனோம். வீதிக்குக் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு. மேலிருந்து இறங்கி வரும் வண்டி அதற்குள் நின்றுவிட வேண்டும். மாமா வந்தார். கோட்டுக்கு இரண்டு பாகத் தூரம் இருக்கும்போதே நின்றார். நான் கைதட்டினேன். வேடிக்கை பார்த்த பஸ்காரர்களும் தட்டினார்கள். வழக்கமான சோதனை அவ்வளவுதான். ஐயா காகிதத்தை எடுப்பார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐயா காகிதத்தை எடுக்கவில்லை. ஆறு மணல் மூட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, அந்தத் தோல் மெத்தையில் சாக்கை விரித்து அடுக்கச் செய்தார். பிறகு மாமாவைப் பார்த்து, “நீர் உச்சி மட்டும் ஏறி, ஆறவிடாமல் மூண்டுதரம் இறங்கி வாரும்” என்றார். வீட்டில் தம்பி, நீ என்றுதான் பேசுவார். அன்று மாமா ‘நீர்’ ஆகிவிட்டார்.

மாமாவின் முகம் மாறியது. “அத்தான், வேற ஆருக்கும் நீங்கள் இப்பிடிச் செய்யிறேல்லையே?”

“ஆறு பேரை ஏத்திக்கொண்டு கம்பளைக்கு ஓடப்போற வண்டி இது. நீர் ஏறும்.”

முதல் தடவை கோட்டுக்குள் நின்றது. இரண்டாவது தடவை முன்சக்கரம் கோட்டை மிதித்தது. மூன்றாவது தடவை அந்தக் கருகும் மணம் வண்டிக்கு முன்னதாக எங்களிடம் வந்து சேர்ந்தது. அதன் பின்னால் வண்டி வந்தது. கோட்டைத் தாண்டியது. எங்களைத் தாண்டியது. மாமாவின் முழங்கால் உயர்ந்து உயர்ந்து இறங்குவதை நான் பார்த்தேன். கீழே, ஐயா முன்கூட்டியே போடச் செய்திருந்த வைக்கோல் கட்டுகளில் முட்டி அது நின்றது. கைதட்டிய பஸ்காரர்களே இப்போது சிரித்தார்கள்.

ஐயா வண்டியின் முன்பக்கத்து மூடியிலேயே காகிதத்தை வைத்து எழுதினார். வாய்விட்டும் சொன்னார். பின் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே பிரேக் வைத்துச் செய்த வண்டி. இவ்வளவு பாரத்தோடு இந்த மலைகளில் இறங்கினால் சூடேறிப் பிரேக் விட்டுவிடும். எத்தனை லைனிங் மாற்றினாலும் அதன் சுபாவம் மாறாது. மாமா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

“நீ சொன்னனியோ?”

“இல்லை மாமா. அம்மாளாணை நான் சொல்லேல்லை.”

அவர் நம்பவில்லை. அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நடந்தது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். அவரில்லை, அக்கா இருக்க முடியாது, மிச்சம் நான் ஒருத்திதான். எனக்கும் கணக்கு அப்படித்தான் வந்தது. சொல்லாததைச் சொல்லவில்லை என்று நிரூபிக்க வழி தெரியாமல் மதகில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டில் அம்மா ஐயாவை மாமாவின் முன்னால் வைத்தே கேட்டாள். “சொந்தத் தம்பியைச் சந்தியிலை வைச்சு அவமானப்படுத்திப்போட்டு வந்திருக்கிறியளே, உங்களுக்கு நெஞ்செண்டு ஒண்டு இருக்குதோ?” ஐயா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து மாமா இருக்கும் நேரமெல்லாம் அம்மா ஐயாவோடு பேசுவதை நிறுத்தினாள். சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். ஆனால் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஐயாவுக்குப் பிடித்த கறிகளாகவே சமைந்தன. கோபம் வந்தால் பெரியவர்களுக்குச் சமையல்கூடத் தடுமாறிப் போகும்போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமா வண்டியைக் கம்பளையில் ஒரு நெல் ஆலைக்காரருக்கு விற்றார். அவர் எஞ்சினைக் கழற்றி ஆலைக்குப் பூட்டிக்கொண்டார். பிறகு மாமா அதே ஊரில் ஒரு பஸ் முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின் தாமே பஸ் முதலாளியானார். அவருடைய பஸ்கள் எந்த இறக்கத்திலும் தவறியதில்லை. புது பஸ் வாங்கினால் மணல் மூட்டை ஏற்றி, ஆறவிடாமல் மூன்று தடவை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆளை ஏற்றுவார். அந்த யோசனை தம்முடையது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தார். அம்மாவைப் பார்க்க வெள்ளிக்கிழமைகளில் வருவார். ஐயா இருந்தால் வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார்.

நானும் என்னளவில் ஐயாவைத் தண்டித்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கண்டிக் குளக்கரை வழியாக அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். விடுமுறை முடிந்த முதல் நாளே அவர் கையை உதறிவிட்டுப் பத்தடி முன்னால் நடந்தேன். அவர் எட்டிப் பிடிக்க முயலவில்லை. மழை பெய்தால் மட்டும் குடையோடு பக்கத்தில் வருவார். பள்ளிக்கூடம் மாறும்வரை அப்படித்தான் நடந்தோம்.

ஐயாவின் செத்தவீட்டுக்கு மாமா வந்தார். செய்ய வேண்டியதையெல்லாம் முன்னின்று செய்தார். எட்டாம் நாள், சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டு யாருக்கோ சொன்னார்: “பிழையில்லாத மனிசன். ஆனால் நெஞ்சிலை ஈரமில்லை.” கதவோரம் நின்ற அம்மா அதைக் கேட்டாள். அவர் போனபின் என்னைப் பக்கத்தில் இருத்தினாள்.

“அண்டைக்கு ஐயாவிட்டைச் சொன்னது நான்தான் பிள்ளை.”

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததுமே அவள் ஐயாவைத் தேடிப் போனாளாம். தம்பியை அந்த வண்டியோடு மலையில் விட முடியாது. நேரே சொன்னால் கேட்கமாட்டான். ஐயாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, எப்படியாவது நிறுத்துங்கள் என்று அழுதிருக்கிறாள். சொன்னது தான்தான் என்று தம்பிக்குத் தெரியட்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். ஐயா மறுத்துவிட்டார்.

“‘என்னோடை கோவிச்சால் அவன் ஒரு அத்தானைத்தான் விடுவான். உம்மோடை கோவிச்சால் அவனுக்கு வீடே இல்லை’ எண்டு சொன்னார். என்னைத் தன்னை ஏசச் சொன்னதும் அவர்தான்.” அம்மா மூக்கைச் சிந்தினாள். “‘நீர் சொல்லாட்டி நான் அண்டைக்குப் பாஸ் பண்ணியிருப்பன், முதல்தரம் வடிவாய் நிண்டதே’ எண்டு கடைசி மட்டும் அவருக்கு அதுதான் கவலை. இதைத் தம்பிக்குச் சொல்லிப்போடாதை.”

நான் சொல்லவில்லை. மாமா ஐயாவை ஈரமில்லாதவராகவே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

என்னைப் பற்றித்தான் அடிக்கடி யோசிக்கிறேன். பத்தடி பின்னால் நடந்து வந்த மனிதரிடம் என்னைத் திரும்ப அழைத்துக்கொள்ள, ‘சொன்னது அம்மா’ என்ற ஒரு வசனம் இருந்தது. நல்ல வெயில் நாட்களிலும், குடைக்குள் தோள் உரசிய நாட்களிலும் அதை அவர் சொல்லியிருக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளை மாமாவிடம் போய் ஒப்புவிக்காமல் இருக்குமா? அதை நினைத்துத்தான் அவர் சொல்லாமல் விட்டிருக்க வேண்டும். எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், திரும்பிப் பார்த்தால் நான் தோற்றுவிடுவேன் என்பதுதான். ஆகவே ஒருநாளும் திரும்பாமல், விறைத்த கழுத்தோடு, குளக்கரை நெடுக நடந்தேன்.