பீடி குடித்ததைச் சொல்ல ஒருத்தி இருந்தாள்

ராணியின் தம்பி கோபால் தொலைபேசியில் அழைத்தபோது நான் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "மிஸ்ஸி, அக்கா செத்துப்போச்சு" என்றான். "பைத்தியமா உனக்கு? நேத்துப் பின்னேரம் என்னோட சண்டை புடிச்சிட்டுத்தானே வீட்டுக்குப் போனா" என்று கத்தினேன். அவன் அழ ஆரம்பித்த பிறகுதான் என் வாய் அடங்கியது. தலைக்குள் இரத்தக்கசிவு. கண்டிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. சண்டை என்னவென்று கேட்காதீர்கள், தேத்தண்ணிக் கோப்பையை யார் கழுவுவது என்பதுதான்.

முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில் வாசிக்க நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தா, ஃபரீனா என்று வார்டில் கேட்டார்கள். நானும் அவளும் ஒரே சத்திரசிகிச்சை வார்டில் தாதிகளாக, நோயாளிகள் வாயில் மிஸ்ஸிகளாக, நரைத்தவர்கள். என்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பார்கள்? ஆனால் நல்லதாக எழுத எனக்கு வரவில்லை. அவளைத் தெரிந்த உங்களிடம் பொய் சொல்லவும் மனமில்லை. உள்ளதை எழுதுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளிகளை பீடி, சிகரெட்டிலிருந்து விடுவிக்கிற வேலையை அவளிடம் யாரும் கொடுக்கவில்லை. அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். உங்க அப்பா பீடியால செத்தாரா என்று பலர் கேட்பார்கள். அவர் அதைத் தொட்டதே இல்லை. "மருந்து கட்டுறது நானு. பீடி குடிக்கிறவனுக்குப் புண்ணு ஆற மாட்டேங்குது. ஆறாத புண்ணுக்கே கட்டிக்கிட்டு கெடக்க எனக்கென்ன தலையெழுத்தா?" என்பாள். காரணம் இவ்வளவுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் பீடி ஆசை மண்டையைப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தன் சோற்றுப் பார்சலைப் பாதியில் மூடிவைத்துவிட்டுக் கட்டில் கட்டிலாகப் போவாள். கையில் கறுவாப்பட்டைத் துண்டுகள் இருக்கும். "கடிச்சுக்கிட்டு எங்கூடப் பேசுங்க, கொஞ்ச நேரத்துல அது ஓடிரும்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். மழை, மரக்கறி விலை, மருமகள் சண்டை, எதையாவது பேசுவாள். நாவுல என்ற ஊரிலிருந்து வருகிற, சிங்களத்தில் பேசுகிற விவசாயிக்கும் இதே வைத்தியம்தான்.

சும்மா சொல்லக்கூடாது, முக்கால்வாசிப் பேர் அவளை ஏமாற்றினார்கள். எங்கள் வார்டு ஜன்னலில் நின்றால் வெளிவாசல் கடை தெரியும். குணமாகித் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய மனிதர், அவள் கையைப் பிடித்து நன்றி சொல்லி அழுத மனிதர், அந்தக் கடையில் நின்று பற்றவைப்பதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். "பாத்தியா உன்ட ஆளை" என்பேன். அவள், "திரும்பி வருவாருல்ல, அப்பக் கேப்போம்" என்று சொல்லிவிட்டு மருந்துத் தட்டை எடுப்பாள்.

அவளை ஏமாற்றாத ஒருவர் இருந்தார். எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய முத்தையா. பீடியால் கால்களின் இரத்தக்குழாய் அடைத்து, விரல் கறுத்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இனியும் குடித்தால் மற்றக் காலும் போகும் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். சொன்ன மறுநாளே அவர் மனைவி லெட்சுமி ரொட்டிப் பார்சலுக்குள் பீடி வைத்துக் கொண்டுவந்தாள். நான் பிடித்துவிட்டேன். வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஏசினேன். "குடுக்கலன்னா மனுசன் ஒரு வாய் திங்க மாட்டேங்குறாரு மிஸ்ஸி, நான் என்னா செய்ய?" என்று அவள் குலுங்கினாள். ராணி வந்து என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அந்த ரொட்டியைப் பிய்த்து முத்தையாவுக்குத் தானே ஊட்டினாள்.

அன்றைக்கு முத்தையா, "அம்மன் மேல சத்தியமா இனிமே தொடமாட்டேன்" என்று கையை நீட்டினார். ராணி கையைத் தட்டிவிட்டாள். "சத்தியமெல்லாம் வேணாம். சத்தியம் பண்ணிட்டுக் குடிச்சா ஒளிப்பீங்க. குடிச்சா வந்து எங்கிட்டச் சொல்லுங்க, அது போதும்."

அவரும் சொன்னார். கோயில் திருவிழாவில் குடித்துவிட்டால், மச்சான் கொழும்பிலிருந்து வந்து நீட்டிவிட்டால், ஊன்றுகோலோடு பஸ் ஏறி வார்டு வாசலுக்கு வந்து நிற்பார். "மிஸ்ஸி, குடிச்சுப்புட்டேன்." ராணி தலையாட்டுவாள். "சரி, சொல்லிட்டீங்கள்ல. இன்னையிலேருந்து மறுபடி நிப்பாட்டுவோம்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்படிச் செல்லம் கொடுத்தால் எப்படித் திருந்துவார் என்று கேட்பேன். "நீ ஏசுனா அவரு பீடிய நிப்பாட்ட மாட்டாரு ஃபரீனா, ஒங்கிட்டச் சொல்றதத்தான் நிப்பாட்டுவாரு" என்பாள். அவர் வருவது வரவரக் குறைந்தது, குடிப்பது குறைந்ததால். அந்த வலது கால் தப்பி நின்றது. அவள் வாழ்க்கையில் அவளுக்கு மிஞ்சிய இலாபம் அந்த ஒரு கால்தான் என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள்.

செத்த வீட்டுக்குப் போனேன். வாசலில் தறப்பாள் பந்தல் கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு ஸ்டூலில் தட்டு. வெற்றிலை, பாக்கு, பீடிக்கட்டு, திறந்து வைத்த சிகரெட் பெட்டி. எங்கள் முஸ்லிம்கள் பக்கம் மையத்தை, அதுதான் பிரேதத்தை, சுணங்காமல் அன்றைக்கே எடுத்துவிடுவோம், இந்தத் தட்டு வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஆனால் எத்தனையோ செத்த வீடுகளில் பார்த்ததுதான், ஒருநாளும் உறுத்தியதில்லை. அன்றைக்குக் கோபாலைக் கூப்பிட்டேன். "கோபால், யாருக்குடா இந்தத் தட்டு? யாருட வீடு இது?" என்றேன். அவன் வீங்கிய கண்ணோடு நின்றான். "முறைங்க மிஸ்ஸி. தட்டு வைக்கலன்னா சாவுக்கு வந்தவங்கள மதிக்கலன்னு சொல்லுவாங்க. அக்காவுக்கு ஒரு கொறையும் வைக்கக் கூடாதுன்னுதான்." பிள்ளை மரியாதை செய்திருக்கிறான்.

தறப்பாளின் ஓரத்தில் முத்தையா உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல் மடியில், பீடி வாயில். நேரே போய் நின்றேன். "வெக்கமா இல்லையா உங்களுக்கு? அவ உள்ளுக்குக் கெடக்கிறா!" அவர் பீடியைக் கீழே போடவில்லை. கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "தட்ட நீட்டுனாங்க, கை தானாப் போயிருச்சு மிஸ்ஸி. குடிச்சுப்புட்டேன்னு இனிமே யாருகிட்டப் போய்ச் சொல்றது?" என்றார். "என்னட்டச் சொல்லுங்க" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஏசுவீங்களே" என்றார். யா அல்லாஹ், அந்த இடத்திலேயே நெஞ்சு வெடித்துவிடக்கூடாதா என்று இருந்தது.

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. "இன்னைக்குக் குடிச்சீங்களா?" என்று, சாப்பிட்டீங்களா என்று கேட்கிற அதே குரலில் கேட்பாள். பிறகு வாயைத் திறக்கமாட்டாள். மற்றவர் பேசும்வரை அப்படியே இருப்பாள். என்னைப் போன்ற வாய்க்காரிக்கு அது லேசில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு பழகுகிறேன்.

முத்தையா போன கிழமை மறுபடி வார்டுக்கு வந்தார். வலது கால் விரல்கள் கறுத்துவிட்டன, கறுப்பு பாதத்துக்கு ஏறுகிறது. தினமும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன், கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன். சட்டையில் பீடி வாசம் அடிக்கிறது. இன்றைக்கும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இல்ல மிஸ்ஸி, குடிக்கல" என்றார். நாளைக்கு அந்தக் காலையும் எடுக்கிறார்கள்.