எம் மருமக ஈரலும் என் வாயும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் ஏறாத அன்னைக்கு மலை மெட்டு ஏறுறதே ரொம்பத் தூரமாத் தெரியுதுன்னு ஜீப்புல வர்ற பொம்பளைக சொல்லுவாக. போடியில விடிஞ்சும் விடியாம ஏறுனா, மலை மேல ஏலக்காத் தோட்டத்துக்குப் போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆயிரும். பதினாலு பேரு, மடியில தூக்குச்சட்டியோட, அடைச்சு வச்ச மாதிரி உக்காந்திருப்போம். அம்புட்டு நேரமும் நாந்தேன் பேசுவேன். கங்காணி வழுக்கி விழுந்துட்டு யாரும் பாக்கலைன்னு நெனச்சு வேட்டியத் தட்டுனது, எம் மகன் குடிச்சுப்புட்டு வந்து தெரு நாய்க்குக் கும்பிடு போட்டதுன்னு எல்லாத்தையுஞ் சொல்லுவேன். சிரிப்பாக. அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு ருசி.

அப்பிடி ருசி பாத்துத்தேன் எம் மருமக பேரக் கெடுத்தேன்.

அவளும் எங்கூட அதே ஜீப்புலதேன் காயெடுக்க வருவா. போன வருசம் மழைக்காலத்துல, வலது பக்கம் விலாவுக்குக் கீழ கனமா இருக்கு, ஒடம்பு அசந்து அசந்து வருதுன்னா. வேலைக்குக் கள்ளம் பண்றான்னு நெனச்சேன். "ஏத்தா, உனக்கு ஒரு கட்டில் வாங்கித் தோட்டத்துலயே போட்டுருவமா"ன்னு கேட்டேன். பொறகு ஆஸ்பத்திரியில காட்டுனதுக்கு, பித்தப்பையில கல்லு இருக்கலாம், ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாக. எம் மகன் நிதானத்துல இல்லாததால தொணைக்கு நான் போனேன்.

ஸ்கேன் ரூம்புல ஏசி குளுரு. டாக்டரம்மா அவ வயித்துல பசை மாதிரி எதையோ தடவி, சின்ன டப்பாவ வச்சு உருட்டிக்கிட்டே டிவியப் பாத்தாக. நான் எட்டி எட்டிப் பாக்குறதக் கண்டுட்டு, நல்ல மனுசி, எனக்கும் காட்டுனாக.

"பாட்டி, இது கிட்னி, இது ஈரல். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நெறத்துல தெரியணும். ஈரல் மட்டும் வெள்ளையாத் தெரியுது பாருங்க. கொழுப்பு படிஞ்சிருக்கு."

எம் மருமக நல்ல கருப்பு. நான் சும்மா இருக்கணுமில்ல. "உள்ளயாச்சும் வெள்ளையா இருக்காளே, அதுவரைக்கும் சந்தோசம்"னேன். டாக்டரம்மா சிரிப்ப அடக்குனாக. இவ சொவத்தையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா.

கல்லு ஏதும் இல்ல. ஆனா ஈரல்ல கொழுப்பு கொஞ்சம் கூடத்தேன் இருக்கு, ஈரல் எம்புட்டுக் கெட்டியாயிருக்குன்னு பாக்குறதுக்குத் தேனியில வேற மிசினு இருக்கு, ஒரு மாசத்துக்குள்ள போய்ப் பாத்துருங்கன்னாக. குடிக்கிறவுகளுக்கு மட்டும் வர்ற நோவு இல்ல, மூணு வேளையுஞ் சோறு, சீனியள்ளிப் போட்ட டீ, சக்கரை வியாதின்னு பல காரணம் இருக்குன்னும் வெளக்கமாச் சொன்னாக. இப்பயே கண்டுக்கிட்டா சரி பண்ணிறலாம், விட்டா சுருங்கிப்போகும்னாக. எல்லாம் எனக்கு நல்லாவே வெளங்குச்சு. வெளங்காமச் சொல்லிப்புட்டேன்னு தப்பிக்க எனக்கு வழி இல்ல.

மறுநா அவ வீட்டுல இருந்தா. ஜீப்புல ஒருத்தி, "உம் மருமகளுக்கு ஸ்கேன்ல என்னக்கா சொன்னாக"ன்னு கேட்டா. ஈரல்ல கொழுப்பாம்னு ஒரு வார்த்தையில முடிச்சிருக்கலாம். அம்புட்டு மொகமும் என்னையே பாக்குது. வாய் தானாத் தொறந்துக்கிருச்சு.

"எம் மகன் கோட்டரு வாங்குனா அதுல பாதி எங்க போகுதுன்னு இத்தன நாளாத் தெரியாம இருந்தேன்த்தா. இப்பத்தேன் ஸ்கேன்ல தெரியுது, அம்புட்டும் இவ ஈரல்ல இருக்கு."

ஜீப்பு குலுங்குச்சு. டிரைவரு வளைவுல மெதுவாக்கிட்டுத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு. அன்னைக்கு முழுக்க எனக்கு ஒரே பெருமை.

எங்க பக்கம் ஈரல் நோவுன்னாலே குடிகாரந்தேன் ஞாபகத்துக்கு வருவான். வேற காரணம் யாருக்குந் தெரியாது. அதனால நான் சொன்னது சிரிச்சதோட நிக்கல. பத்து நாள்ல பாதித் தோட்டம் நம்பிருச்சு. சோறு திங்குற எடத்துல இவ தண்ணிக் கேன ஒருத்தியும் தொடல. சரிவுல கால் வழுக்குனதுக்கு, "காலையிலேயே ஆரம்பிச்சாச்சா"ன்னு கங்காணி கேட்டானாம். ராசிங்காபுரத்துல இருந்து அவ அண்ணன் வண்டியெடுத்துட்டு வந்துட்டாரு. வாசல்லயே நின்னு, ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காம, எம் பொறந்தவளப் பத்தி ஊரெல்லாம் என்ன பேச்சுன்னு கேட்டாரு.

இவ அழுதுக்கிட்டே சொன்னா. "ஸ்கேன் எடுத்த எடம், அப்புறம் நாங்க ரெண்டு பேரு, வேற யாருக்கும் தெரியாதுண்ணே. அத்தை எம்புட்டுக் கேலி பண்ணுனாலும் இப்பிடிச் சொல்ல மாட்டாக. அங்க ரிப்போர்ட்டு அடிக்கிற பிள்ள நம்மூருக்காரி. அவதேன் பரப்பிருக்கா."

அத்தை சொல்ல மாட்டாகளாம். நான் அடுப்படியில நின்னுக்கிட்டுத்தேன் இருந்தேன். "அப்பிடித்தேன் இருக்கும்"னேன். சொன்ன அந்த ஒத்த வார்த்தைய என்ன செஞ்சும் என்னால திருப்பி முழுங்க முடியல.

மறுநா பஸ் ஸ்டாண்டுல எம் மருமக அந்தப் பிள்ளைய நிறுத்தி வச்சு வாய்க்கு வந்ததெல்லாங் கேட்டுருக்கா. அதுக்கப்புறம் தேனிக்குப் போற பேச்சே கெடையாது. மதுரைக்கே போவோம்னு கூப்புட்டேன். "எங்க போனாலும் ரிப்போர்ட்டு அடிக்க ஒருத்தி இருப்பா அத்தை. இன்னொரு ஸ்கேன் எடுத்து இன்னொரு கதை கேக்கணுமா"ன்னுட்டா. விலாவப் புடிச்சுக்கிட்டேதேன் சட்டியக் கழுவுறா. டாக்டரம்மா சொன்ன ஒரு மாசம் முடியப் போகுது.

ஜீப்புல சரி பண்ணிப் பாப்போம்னு ஒரு நா எடுத்துச் சொன்னேன். அது நான் சும்மா சொன்னது, அவ ஒரு சொட்டுத் தொட்டவ இல்ல, சோத்தாலயும் சீனியாலயும் வர்ற நோவு அதுன்னு. சிரிச்சாளுக. போன தடவையவிடப் பலமாச் சிரிச்சாளுக. "மருமகளுக்கு வக்காலத்தப் பாரு, வீட்டுல இவுகளுக்கும் பங்கு போல"ன்னா ஒருத்தி. ஆயுசுக்கும் ஒரு பேச்சு ஒழுங்காப் பேசுனதில்ல நான். அன்னைக்கு ஒழுங்காப் பேசுனத எவ நம்புவா.

ஞாயித்துக்கிழம லீவு. ரெண்டு பேரும் மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தோம். அப்பச் சொன்னேன். கோட்டரு பேச்ச சொன்னது மாதிரியே சொல்லி, நாந்தேன் சொன்னேன், அந்தப் பிள்ளை இல்லைன்னேன்.

அவ கை நிக்கல. ரெண்டு மூணு காய உரிச்சுப் போட்டா.

"எல்லாருஞ் சிரிச்சாகளா அத்தை?"

"சிரிச்சாக."

"நல்லா சிரிச்சாகளா?"

ஆமான்னேன். மூஞ்சியில அறைஞ்சிருந்தாக்கூடத் தாங்கிருப்பேன். உரிச்ச தோல ஒதுக்கிக்கிட்டே, "அந்தப் பிள்ளைய என்னென்ன கேட்டேன் தெரியுமா. கல்யாணம் ஆகாத பிள்ள"ன்னா. பொறகு, "அவகிட்ட நீங்க வந்து சொல்லுங்க. சொன்னா தேனிக்கு வர்றேன்"னா.

திங்கக்கிழம சோலிக்குப் போகல. ஸ்கேன் எடுக்குற எடத்துல கூட்டமான கூட்டம். ஜன்னலுக்கு முன்னால நின்னு, எல்லாருங் கேக்கவே அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னேன், தப்பு உம்மேல இல்லம்மா, இந்தக் கெழவி வாய்தேன்னு. எம் மருமகளும் அவ கையப் புடிச்சா. அந்தப் பிள்ளை மருமகளப் பாத்துத் தலையாட்டுச்சு. என்னையப் பாக்கல. "தள்ளி நில்லுங்க பாட்டி, பின்னால ஆளு நிக்குது"ன்னு மட்டுஞ் சொல்லுச்சு. எனக்கு அம்புட்டுத்தேன் கெடைச்சது. அம்புட்டுத்தேன் கெடைக்கணும்.

அன்னைக்கே தேனி பஸ்சு ஏறிட்டோம். வெறும் வயித்தோட வரணும்னு சொல்லிருந்ததால, அவ காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. நானுங் குடிக்கல, எனக்கு யாரும் வேணாம்னு சொல்லல. பஸ்சுல சன்னலோரம் உக்காந்துக்கிட்டா. எனக்கு எடம் இருந்துச்சு, பேச்சுத்தேன் இல்ல.

தேனியில ஒரு சின்ன வயசு டாக்டரு. அவள மல்லாக்கப் படுக்க வச்சு, வலது கையத் தலைக்கு மேல தூக்கி வைக்கச் சொன்னாரு. என்னைய வெளிய நிக்கச் சொல்லல, அவளுஞ் சொல்லல. விலா எலும்புக்கு நடுவுல மிசின வைக்கிறதுக்கு முந்தி, ஒரு அட்டையில எழுதிக்கிட்டே கேட்டாரு, வயசு என்ன, சக்கரை இருக்கான்னு. எல்லாருகிட்டயுங் கேக்குற மாதிரிதேன் அடுத்ததயுங் கேட்டாரு.

"குடிப்பழக்கம் உண்டா?"

அவ தலையத் திருப்பி என்னையப் பாத்தா.

"எங்க அத்தையக் கேளுங்க சார். அவுகதேன் சொல்லுவாக."

டாக்டரு பேனாவப் புடிச்சுக்கிட்டு என்னையப் பாத்தாரு. வழக்கமா இப்பிடி எவராச்சும் என்னையப் பாத்தா, நாக்கு நுனியில நாலு பேச்சு வந்து நிக்கும். அன்னைக்கு ஒண்ணும் வரல.

"இல்ல சாமி. ஒரு சொட்டுத் தொட்டதில்ல. எங்க வீட்டுல குடிக்கிறவன் எம் மகன்."

இல்லைன்னு எழுதுனாரு. அவ மறுபடி சொவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டா. மிசினு விலாவுல டொக்கு டொக்குன்னு தட்டுச்சு. பத்துத் தடவை. நான் ஒவ்வொண்ணையும் எண்ணுனேன்.

ஈரல் கொஞ்சம் இறுக ஆரம்பிச்சிருக்கு, ஆனா மாத்திறலாம்னாரு. சோத்தக் கொறைக்கணும், டீக்குச் சீனி கூடாது, தெனம் நடக்கணும், ஆறு மாசங் கழிச்சுத் திரும்ப வரணும். இன்னுங் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும் சாமின்னு கேட்டேன். அவரு பதில் சொல்றதுக்குள்ள, "அதெல்லாம் எதுக்கு அத்தை"ன்னு எந்திரிச்சிட்டா. பசையத் தொடைக்க நான் துண்ட நீட்டுனேன். அவ முந்தானையிலேயே தொடைச்சுக்கிட்டு, ரிப்போர்ட்ட வாங்கித் தன் பையில வச்சுக்கிட்டு முன்னால நடந்தா.