பின்னடியாளுக்குப் பிடிமண்

பசுபதிக்கு வயது ஐம்பத்தாறு. தல்லாகுளத்தில் ஓர் அரசாங்க ஆபீஸில் நில வரைபடம் போடுகிற வேலை. யார் வயல் எங்கே முடிகிறது, எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கோடு இழுத்துக் கொடுப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் சிரிப்பார், கேட்டவரும் விட்டுவிடுவார். டீக்குக் கூப்பிட்டால் வருவார், பேசினால் பதில் சொல்வார். அதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்ல ஆபீஸில் யாரிடமும் ஒன்றும் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குள்ளே ஒரு நாடே கிடக்கிறது என்றால் யார் நம்பப்போகிறார்கள்?

கிடந்தது. அதற்கு நீலவாடி என்று பேர். பதினைந்து வயதில் ஆரம்பித்தது. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்கும் பிறகு ஆபீஸுக்கும் வரும்போது, ஜன்னலுக்கு வெளியே நாகமலை நீண்டு கிடக்குமே, அதன் அந்தப் பக்கம்தான் நீலவாடி என்று வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் நிஜத்தில் என்ன இருக்கிறதென்று அவருக்கு நன்றாகவே தெரியும், வரைபடமே போட்டிருக்கிறார். தெரிந்தும் என்ன, பஸ் ஓட ஓட அவர் பாட்டுக்கு மலையைத் தாண்டி இறங்கிவிடுவார்.

அங்கே சாமிகளே வேறு மாதிரி. கொட்டாவிச்சாமி என்று ஒருவர் உண்டு. மழைக்குச் சொந்தக்காரர், மலைமேல் படுத்துத் தூங்கிக்கொண்டே இருப்பார். மழை வேண்டுமென்றால் ஊர் ஜனம் எல்லாம் வயலில் கூடி நின்று ஒரே நேரத்தில் கொட்டாவி விடும். அது அவருக்கும் தொற்றிக்கொள்ளும். அவர் வாய் திறந்தால் வெளியே வருவது மேகம். மறதியாண்டி என்று இன்னொருவர். ஜனங்கள் மறந்ததையெல்லாம் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிவார், வருஷத்தில் ஒரு நாள் ஆளுக்கு ஒன்று திருப்பிக் கொடுப்பார். எதைக் கொடுப்பார் என்பது அவர் இஷ்டம்.

பசுபதிக்கு ரொம்பப் பிடித்தவள் பின்னடியாள். நீலவாடியில் ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கால் நகராது, அங்கேயே நின்று மரமாகிப் போவார்கள். அதனால் அவர்களுக்குப் பதிலாகத் திரும்பிப் பார்ப்பதற்கென்றே ஒருத்தி பின்னால் நடந்து வருவாள். அவள் முகத்தை யாரும் கண்டதில்லை, காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். சாப்பிடும்போது கடைசிக் கவளத்தை முதுகுக்குப் பின்னால் வைத்தால் அதுதான் அவளுக்குப் படையல்.

இதையெல்லாம் அவர் கதையாக எழுதவில்லை. வரைபடமாகப் போட்டார். தொழில்புத்தி எங்கே போகும்? ஆபீஸ் தாளில் வடக்குக் குறி, அளவுகோல், வாய்க்காலுக்கு இரட்டைக் கோடு, கோயிலுக்கு ஆபீஸில் போடுகிற அதே அடையாளம், ஓரத்தில் அச்சடித்தது போல எழுத்து. கற்பனைதானே என்று ஏனோதானோவென்று வரைகிற ஆள் இல்லை அவர். வினை அங்கேதான் பிடித்தது.

ஆபீஸ் உதவியாளர் மலையம்மாளுக்கு ஒரு குறை இருந்தது. அவள் புருஷன் வழிக் குலசாமி எதுவென்று யாருக்கும் தெரியாது. புருஷனுடைய தாத்தா ஏதோ ஒரு பஞ்சத்தில் ஊரைவிட்டு நடந்து வந்தவர். ஊர்ப் பேரையும் சாமி பேரையும் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார். புருஷனும் போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது மகன் நல்லகாமன் பெண்டாட்டி பாண்டிமீனாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோயின, ஒன்று ஆறாம் மாதம், ஒன்று ஏழாம் மாதம். மூன்றாவதாக இப்போது அஞ்சு மாதம். டாக்டர் மாத்திரை கொடுத்தார், குறி சொல்கிறவர் குலசாமி பட்டினி கிடக்கிறது என்றார். மலையம்மாள் இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

"சார், பழைய படத்துலயெல்லாம் கோயில் குறிச்சிருப்பீகள்ல. எங்க சாமி எங்கிட்டாவது தட்டுப்படுதான்னு பாருங்க சார்" என்று கேட்டிருந்தாள். பசுபதியும் இரண்டு வாரம் மெனக்கெட்டுத் தேடினார். பேரும் தெரியாமல் ஊரும் தெரியாமல் எதைத் தேடுவது?

ஒரு நாள் மத்தியானம் அவர் கை கழுவப் போய்த் திரும்பி வந்தபோது, மலையம்மாள் அவர் மேஜை முன்னால் நின்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். மேஜையில் விரிந்து கிடந்தது நீலவாடி.

"பின்... னடி... யாள். இது எந்தச் சாமி சார்?"

நாற்பத்தோரு வருஷம். அந்தப் பேரை அதுவரை ஒரு வாய் உச்சரித்ததில்லை, அவருடைய வாய் உட்பட. பசுபதியின் வாய் தானாகத் திறந்துகொண்டது. திரும்பிப் பார்க்கக் கூடாத வழியையும், பின்னால் வருகிறவளையும், முகம் தெரியாததையும், கடைசிக் கவளத்தையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்தபோது மலையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரோட தாத்தன் திரும்பியே பாக்காம நடந்து வந்தாராம் சார். பாத்தா கால் நகராதுன்னு சொல்லிச் சொல்லியே வந்தாராம். எங்க மாமியா சொல்லும். இவதான் சார். இம்புட்டு நாளும் பின்னாடியே நின்னுருக்கா, நாங்கதான் பாக்கல."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். 'இது நான் சும்மா வரைந்தது, மலையம்மா' என்றால் முடிந்தது. பசுபதி சொல்லவில்லை. அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்வது? ஆனால் அதற்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதுதான் அவரைப் பின்னால் அதிகமாகச் சுட்டது.

அதற்குப் பிறகு தினமும் சேதி வந்தது. பாண்டிமீனா கடைசிக் கவளத்தைப் பின்னால் வைக்கிறாளாம். பயமில்லாமல் மாடிப்படி ஏறுகிறாளாம். ஆறாம் மாதம் தாண்டிவிட்டது. ஏழும் தாண்டியது. ஒவ்வொரு சேதிக்கும் பசுபதிக்குப் பயம் ஏறியது. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? இல்லாத ஒருத்தியை நம்பி அந்தப் பெண் தைரியமாக இருக்கிறாளே. பஸ்ஸில் வரும்போது மலையின் அந்தப் பக்கம் இறங்கக்கூட அவருக்கு மனசு வரவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டுவிடுமோ என்றிருந்தது.

எட்டாம் மாதம் மலையம்மாள் மஞ்சள் துணியோடு வந்தாள். "பிடிமண் எடுக்கணும் சார். சாமி இருக்கிற எடத்துல ஒரு பிடி மண்ணு எடுத்தாந்து வீட்டுல வச்சாத்தான அவ நம்ம கூட வந்து தங்குவா. அந்த ஊரு எங்கிட்டு இருக்கு? லீவு போட்டு வாரேன், நீங்க கூட்டிட்டுப் போங்க."

இதற்குமேல் மறைக்க வழியில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு வரச் சொன்னார்.

குளம் நிறைந்து கிடந்தது. நடுவில் மைய மண்டபம் தண்ணீருக்குள் தலைகீழாகவும் தெரிந்தது. எது மேலே எது கீழே என்று சற்று நேரம் பிடிபடவில்லை. இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். மலையம்மாள் மடியில் மஞ்சள் துணி.

"மலையம்மா, அந்தப் படம் ஆபீஸ் படம் இல்ல. அப்படி ஒரு ஊரே இல்ல. நானா உண்டாக்குனது."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"பின்னடியாளும் நான் உண்டாக்குனவதான். பதினஞ்சு வயசுல, எங்கப்பா செத்த வருசம். அப்ப இந்தக் குளம் காஞ்சு கெடந்துச்சு. உள்ள எறங்கி அந்தா அங்க உக்காந்திருந்தேன். எனக்குப் பின்னால யாராவது ஒருத்தர் வந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. அம்புட்டுத்தான். அன்னிக்கே சொல்லியிருக்கணும், தப்புப் பண்ணிட்டேன்."

மலையம்மாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து கன்னத்தில் ஒன்று வைத்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று பசுபதி தயாராக இருந்தார்.

"என் மருமக வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு நம்பிக் கெடக்கா சார்." மடியிலிருந்த துணியைத் தூக்கிக் காட்டினாள். "வெளையாடிட்டீகளே."

"ஆமா."

அவள் துணியை மறுபடி மடியில் வைத்தாள். பிறகு திடீரென்று கேட்டாள். "நீங்க அவளக் கும்பிட்டிருக்கீகளா?"

பசுபதி யோசித்தார். வழி போட்டுக் கொடுத்திருக்கிறார், நடை கொடுத்திருக்கிறார், எந்தத் திருப்பத்தில் எத்தனை எட்டு வைப்பாள் என்றுகூட எழுதியிருக்கிறார். கும்பிட்டது? "இல்ல."

"ஒரு தடவகூடவா?"

"நானே உண்டாக்குனவள நானே எப்பிடிக் கும்பிடறது?"

"நல்லாருக்கே ஞாயம்!" மலையம்மாளுக்கு இப்போதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. "பெத்துப் போட்டுட்டு ஒரு வாய்ச் சோறு போடாம விட்ட மாதிரி. நாப்பது வருசம் அவ உங்க பின்னாலயே நடந்திருக்கா, ஒரு நா நில்லு தாயின்னு சொல்லியிருக்கீகளா? என் மருமகதான் மொத மொதல்ல சோறு வச்சிருக்கா. எங்க சாமியும் பட்டினி, உங்க சாமியும் பட்டினி. எது எதுன்னு நான் எங்க போயிக் கண்டேன்?"

சொல்லிவிட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். "எந்த எடத்துல உக்காந்திருந்தீக?"

"அது உள்ள... இப்பத் தண்ணியாக் கெடக்கே."

"கை நீளுற வரைக்கும் எறங்கினாப் போதும், அவ வந்துருவா."

முழங்கால் தண்ணீரில் நின்று குனிந்து, படியில் படிந்திருந்த வண்டலை ஒரு பிடி அள்ளினாள். மஞ்சள் துணியில் வைத்து முடிந்தாள். கசிந்த தண்ணீர் அவள் முழங்கை வழியாக ஒழுகியது. துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் மேலே ஏறி நடக்க, பசுபதி கூடவே நடந்தார். பஸ் நிறுத்தம்வரை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் மாதம் பாதியில், ஒரு காலை, ஆபீஸுக்குப் போன் வந்தது. பாண்டிமீனாவுக்கு வலி. முன்கூட்டியே வந்துவிட்டது, பிள்ளை துடிப்பும் குறைகிறதாம். நல்லகாமன் லாரியோடு வெளியூரில் இருந்தான். மலையம்மாள் ஓடினாள். பசுபதி எதுவும் கேட்காமல் பின்னாலேயே ஓடினார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சு. எதிரே சாத்திய கதவு. மலையம்மாள் கும்பிட்டுக் கும்பிட்டு ஓய்ந்துபோய் அவரைப் பார்த்தாள். "நீங்க கேளுங்க சார்."

பசுபதி கண்ணை மூடினார். பழகின இடம்தான், மலையைத் தாண்டி இறங்கினார். வழி கிடந்தது. அவள் வைக்க வேண்டிய எட்டை இதுவரை அவர்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்றைக்கும் எழுதிவிடலாம் என்று பார்த்தார். வரவில்லை. பின்னால் யாரோ நிற்கிறார்கள், அது மட்டும் தெரிந்தது. "தாயே, பிள்ளையக் காப்பாத்து" என்றார், சத்தமாகவே. சொல்லிவிட்டுப் பயந்துபோனார். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று முதல்முறையாக அவருக்குத் தெரியவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் பெண்ணைப் பெற்ற தகப்பன் என்று நினைத்து விலகி இடம் கொடுத்தார்கள்.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. நர்ஸம்மா கையில் துணிப்பொதி. உள்ளேயிருந்து ஒரு கீச்சுக்குரல், கோபமாக, நிற்காமல்.

"பாண்டிமீனா கூட வந்தது யாரு? பொம்பளப் பிள்ளை. எடை கம்மி, ஆனா நல்லாருக்கு. அம்மாவும் நல்லாருக்காங்க. சொந்தக்காரங்க மட்டும் வாங்க."

மலையம்மாள் எழுந்தாள், மறுபடி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையைக் காட்டி, "அவுககிட்டக் குடுங்க" என்றாள்.

நர்ஸம்மா பசுபதியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரு?"

பசுபதி வாயைத் திறந்தார். ஆபீஸ், சார், வரைபடம் என்று என்னென்னவோ வந்தது, ஒன்றும் உறவுப் பேராக இல்லை.

"பங்காளி" என்றாள் மலையம்மாள். "ஒரே சாமி கும்பிடுறவுக."

நர்ஸம்மா பிள்ளையை அவர் கையில் வைத்தாள்.